ஓரெழுத்துப் பிழை

ஜாசின் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மூத்த மகள் நான்காம் படிவத்தில் பயில்கிறாள். பெற்றோர் கையொப்பமிட்ட ஒப்புதல் பாரத்துடன் அவள் பள்ளியில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டாள். மறு பரிசோதனையும் முடிந்து சில வாரங்களில் அரசாங்கக் கிளினிக்கிலிருந்து கடிதம் வந்தது. அதில் ‘தலசீமியா’ என்ற சொல்லும் ‘பெம்பாவா’ என்ற சொல்லும் இருந்தன. பெம்பாவா என்றால் ஒன்றைச் சுமந்து செல்பவர் என்று அவளுக்குத் தெரியும். எதைச் சுமக்கிறோம் என்பதுதான் தெரியவில்லை.

“நம்ம குடும்பத்துல யாருக்கும் ரத்தத்துல கோளாறு கெடையாது. புள்ள நேரத்துக்குச் சாப்புடுறதில்ல, அதான்,” என்றார் பாட்டி. தந்தை ஒன்றும் சொல்லவில்லை. தாய் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தார். “இத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதம்மா. நாளைக்கு உன்னப் பொண்ணு கேட்டு வர்றவங்க என்ன நெனைப்பாங்க?” என்றார்.

மலேசியாவில் 2016 ஆம் ஆண்டு முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை நடத்தப்படுகிறது. நம் நாட்டில் நூறு பேரில் மூவர் முதல் ஐவர் வரை இக்குறையைச் சுமப்பவர்கள் என மதிப்பிடப்படுகிறது. ஆகவே, இதுபோன்ற கடிதம் மலாக்காவில் பல வீடுகளுக்கு வந்திருக்கும். அக்கடிதத்தின் பொருளை அறிய நாம் உயிரணுவுக்குள் செல்ல வேண்டும். அங்கே நடக்கும் வேலை, தமிழ் இலக்கணம் படித்த உங்களுக்கு முற்றிலும் புதியதன்று.

நம் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் புரதம் நிறைந்திருக்கிறது. நுரையீரலில் உயிர்வளியைப் பற்றி உடலெங்கும் கொண்டு சேர்ப்பது அதுவே. பெரியவர்களின் ஹீமோகுளோபினில் பெரும்பகுதி இரண்டு ஆல்பா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் சேர்ந்து அமைந்தது. பீட்டா சங்கிலி ஒன்றில் 146 அமினோ அமிலங்கள் மணிகளைப் போல் கோக்கப்பட்டுள்ளன. எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்னும் வரிசையைப் பதினோராவது குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணு வைத்திருக்கிறது.

மரபணு, டி.என்.ஏ.வால் ஆனது. அதன் நெடுங்கணக்கில் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. உயிரணு ஒரு புரதத்தைச் செய்ய வேண்டுமானால் முதலில் அந்த மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும். உட்கருவை விட்டு வெளியேறும் படிக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அதை ரைபோசோம் என்னும் நுண்பொறி மும்மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைச் சேர்க்கும். இந்த ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009 ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

இதுவரை எளிது. ஆனால், நம் மரபணுக்களில் பெரும்பாலானவை தொடர்ச்சியாக எழுதப்படவில்லை. பொருளுள்ள பகுதிகளுக்கு நடுவே, புரதத்திற்குத் தேவைப்படாத நீண்ட பகுதிகள் புகுந்து கிடக்கின்றன. பொருளுள்ள பகுதி எக்ஸான். இடையில் புகுந்தது இன்ட்ரான். பீட்டா குளோபின் மரபணுவில் மூன்று எக்ஸான்களும் இரண்டு இன்ட்ரான்களும் உள்ளன. முதல் இன்ட்ரான் 130 எழுத்து நீளம், இரண்டாவது 850. ஏறத்தாழ 1,600 எழுத்துகள் கொண்ட மரபணுவில் 980 எழுத்துகள் வெட்டி எறியப்பட வேண்டியவை! உயிரணு முதலில் எல்லாவற்றையும் சேர்த்தே படியெடுக்கிறது. பிறகு இன்ட்ரான்களை வெட்டி நீக்கி, எக்ஸான்களின் முனைகளை ஒன்றோடொன்று இணைக்கிறது. இந்த வெட்டியிணைப்பை ஆங்கிலத்தில் ஸ்பிளைசிங் என்பர். கயிற்றின் இரண்டு முனைகளைப் பின்னி ஒன்றாக்கும் மாலுமிகளின் வேலைக்கும் அதுவே பெயர்.

நமக்கு வேறோர் உவமை கையருகில் இருக்கிறது. மரம் என்பதும் வேர் என்பதும் புணரும்போது மரவேர் ஆகிறது. இடையிலிருந்த மகர மெய் கெட்டது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் கூறும் மூவகை விகாரங்களுள் இது கெடுதல். வெட்டியிணைப்பும் ஒரு வகைக் கெடுதல் விகாரமே. வேறுபாடு ஒன்று உண்டு. சொற்புணர்ச்சியில் ஓரெழுத்து கெடும். இங்கே நூற்றுக்கணக்கான எழுத்துகள், சில மரபணுக்களில் பல்லாயிரம் எழுத்துகள், ஒரே வெட்டில் நீங்கும். இரண்டிலும் விதி பிறழ்ந்தால் பொருள் கெட்டுவிடும்.

பின்வரும் தொடரைப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் மூன்றெழுத்து.

அக்கா தினம் பாடம் கற்க உதவு

இதன் நடுவே பொருளற்ற எழுத்துகள் புகுந்திருப்பதாகக் கொள்வோம்.

அக்கா தினம் பாகுடுமொழகொடும் டம் கற்க உதவு

‘பா’ என்பதற்கும் ‘டம்’ என்பதற்கும் இடையில் உள்ளதைச் சரியாக வெட்டினால் பழைய தொடர் மீளும். பீட்டா குளோபினின் முதல் இன்ட்ரானும் இப்படித்தான் ஒரு மூன்றெழுத்துச் சொல்லைப் பிளந்துகொண்டு நிற்கிறது. முப்பதாவது சொல்லின் இரண்டு எழுத்துகள் அதற்கு முன்னும் ஓர் எழுத்து அதற்குப் பின்னும் உள்ளன. வெட்டும் கத்தி ஓரெழுத்து தவறினாலும் என்ன நேரும்? ‘பா’ என்ற எழுத்தையும் சேர்த்து இழந்த தொடரை மும்மூன்றாகப் படித்துப் பாருங்கள்.

அக்கா தினம் டம்க ற்கஉ தவு

பிழை ஓரிடத்தில்தான். ஆனால், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு சொல்லும் குலைந்துவிட்டது.

மரபணுக்கள் இப்படித் துண்டுபட்டவை என்பதை 1977 வரை எவரும் எதிர்பார்க்கவில்லை. சளிக்காய்ச்சலை உண்டாக்கும் அடினோ வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்த ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகியோரின் குழுக்கள் அமெரிக்காவில் தனித்தனியே அதைக் கண்டன. தூது ஆர்.என்.ஏ.வை அதன் டி.என்.ஏ.வோடு சேர்த்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, இரண்டும் முழுவதும் ஒட்டவில்லை. இணை கிடைக்காத டி.என்.ஏ. பகுதிகள் வளையங்களாகப் பிதுங்கி நின்றன. தூதில் இல்லாத பகுதிகள் அவை. அதே ஆண்டில் முயலின் பீட்டா குளோபின் மரபணுவிலும் இடைவெளி இருப்பதை அலெக் ஜெஃப்ரீஸும் ரிச்சர்ட் ஃபிளேவலும் காட்டினர். (குற்றப் புலனாய்வில் பயன்படும் டி.என்.ஏ. கைரேகை முறையைப் பின்னாளில் உருவாக்கியவரும் அதே ஜெஃப்ரீஸ்தான்.) எக்ஸான், இன்ட்ரான் என்னும் பெயர்களை 1978-இல் வால்டர் கில்பர்ட் சூட்டினார். ஷார்ப்புக்கும் ராபர்ட்ஸுக்கும் 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெட்டுவது யார் என்ற கேள்விக்கு விடை வந்த வழி விந்தையானது. லூப்பஸ் என்னும் நோய் உள்ளவர்களின் உடல், தன் அணுக்களையே பகையாகக் கருதி எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருள்களைத் தூண்டில்போல் பயன்படுத்தி, உட்கருவிலிருந்த சிறிய ஆர்.என்.ஏ.–புரதக் கூட்டுகளை ஜோன் ஸ்டைட்ஸும் அவருடைய மாணவர் மைக்கேல் லெர்னரும் பிரித்தெடுத்தனர். அக்கூட்டுகளே வெட்டும் வேலையில் ஈடுபடுகின்றன என்று அவர்கள் 1980-இல் எடுத்துரைத்தனர். நோயாளிகள் கொடுத்த இரத்தம் இல்லையென்றால் இந்த விடை எப்போது வந்திருக்குமோ! ராமகிருஷ்ணனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தாமஸ் ஸ்டைட்ஸ் இவருடைய கணவர். தூதை வெட்டித் திருத்தும் பொறியை மனைவியும், திருத்திய தூதைப் படிக்கும் பொறியைக் கணவரும் ஆராய்ந்தனர் எனலாம்.

அந்த வெட்டும் பொறியில் ஐந்து சிறிய ஆர்.என்.ஏ.க்களும் நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்களும் சேர்ந்து இயங்குகின்றன. எங்கே வெட்டுவது என்பதை எழுத்துகளே அதற்குச் சொல்லும். ஏறத்தாழ எல்லா இன்ட்ரான்களும் ‘ஜி-டி’ என்று தொடங்கி ‘ஏ-ஜி’ என்று முடியும். (ஆர்.என்.ஏ.வில் டி இருக்க வேண்டிய இடத்தில் யூ என்ற எழுத்து வரும். குழப்பம் வேண்டாமென்று இங்கே டி என்றே எழுதுகிறோம்.) ஆனால், ‘ஜி-டி’ என்ற இரண்டெழுத்து மரபணுவில் எத்தனையோ இடங்களில் வரும். எனவே, அதனை அடுத்துள்ள எழுத்துகளும் பொருந்துகின்றனவா என்று பொறி பார்க்கிறது. யூ-1 எனப்படும் சிறிய ஆர்.என்.ஏ. அவ்விடத்தோடு எழுத்துக்கு எழுத்து இணை சேர்ந்து, ‘வெட்ட வேண்டிய இடம் இதுதான்’ என்று அடையாளம் காட்டும்.

ஒரே மரபணுவை வெவ்வேறு விதமாக வெட்டி வெவ்வேறு புரதங்களைச் செய்யவும் உயிரணுவால் முடியும். தைராய்டில் கால்சிட்டோனின் என்னும் இயக்குநீரைத் தரும் மரபணு, நரம்பில் வேறு விதமாக வெட்டப்பட்டு முற்றிலும் வேறொரு பொருளைத் தருகிறது. இது தனியே விரிவாகப் படிக்க வேண்டிய செய்தி. நாம் ஜாசினுக்குத் திரும்புவோம்.

பீட்டா குளோபினின் முதல் இன்ட்ரான் ஜி-டி-டி-ஜி-ஜி-டி என்று தொடங்குகிறது. அதன் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். அந்த ஜி சிலரிடம் சி-யாக மாறியிருக்கிறது. ஓரெழுத்துதான். ஆயினும், யூ-1 முன்போல் இறுகப் பற்றுவதில்லை. பொறி தடுமாறுகிறது, அருகே வெட்டுமிடம்போல் தோற்றமளிக்கும் வேறு இடங்களில் வெட்டிவிடுகிறது. அப்படி மூன்று போலி இடங்கள் உள்ளன. இரண்டு முதல் எக்ஸானுக்குள்ளேயும் ஒன்று இன்ட்ரானுக்குள்ளேயும் இருக்கின்றன. எக்ஸானில் உள்ள ஒன்றில் வெட்டினால் பொருளுள்ள எழுத்துகளில் 16 பறிபோகும். பதினாறை மூன்றால் வகுத்துப் பாருங்கள், மீதம் ஒன்று. ‘டம்க ற்கஉ’ கதைதான் மீண்டும். இத்தகைய குலைந்த தூதுகளைக் கண்டுபிடித்து அழிக்கும் காவல் முறையும் உயிரணுவில் உண்டு. ஆகவே, குலைந்த பீட்டா சங்கிலி உருவாவதைக் காட்டிலும் பீட்டா சங்கிலியே உருவாகாமல் போவதுதான் பெரும்பாலும் நேர்கிறது. சரியாக வெட்டப்பட்டுத் தப்பும் தூதுகள் மிகச் சிலவே.

இந்தியாவிலும் இந்திய வம்சாவளியினரிடமும் மிகுதியாகக் காணப்படும் பீட்டா தலசீமியாப் பிழை இந்த ஐந்தாம் எழுத்துப் பிழையே. மலாய்க்காரர்களிடையேயும் இது பரவலாக உள்ளது. கடல் வழியே வந்தவர்களை நூற்றாண்டுக் கணக்கில் கண்ட மலாக்காவில் நின்று பார்க்கும்போது அது அவ்வளவு வியப்பாகத் தெரிவதில்லை. தென்கிழக்காசியாவில் மிகுந்துள்ள ஹீமோகுளோபின் ‘இ’ என்னும் மாற்றமும் இதே போலி இடத்தோடு தொடர்புடையது. அதில் 26 ஆவது சொல்லின் ஒரு ஜி, ஏ-யாக மாறுகிறது. அதனால் ஓர் அமினோ அமிலம் வேறாகிறது. அதோடு, அருகிலுள்ள போலி வெட்டுமிடம் உண்மையானதைப்போல் பொலிவு பெற்றுவிடுகிறது. ஓரெழுத்து மாற்றத்தால் சொல்லும் மாறி, புணர்ச்சியும் கெடுகிறது. ஒருவர் ஒரு பெற்றோரிடமிருந்து ‘இ’ மாற்றத்தையும் மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியாவையும் பெற்றால், அவருக்கும் நோய் வரலாம். எனவே, இன்னார் இனத்தின் நோய் என்று இதை ஒதுக்கிப் பேச நம் நாட்டில் இடமில்லை.

இவ்வளவு தீங்கான பிழை தலைமுறைகளைக் கடந்து ஏன் மறையாமல் நிற்கிறது? இக்குறையை ஒரு பக்கம் மட்டும் சுமப்பவர்களை மலேரியா கடுமையாகத் தாக்குவதில்லை என்பதே காரணமாக இருக்கலாம் என்று 1949-இல் ஹால்டேன் என்ற அறிஞர் எடுத்துரைத்தார். மலேரியா மிகுந்த நிலங்களில் அவர்கள் தப்பிப் பிழைத்துப் பிள்ளைகளைப் பெற்றனர். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் தான் சே யான் ரப்பர் பயிரிட்டார். அதனைத் தொடர்ந்து பெருகிய தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களை இங்கும் அதே மலேரியா எதிர்கொண்டது. மலேரியாவாலும் கொக்கிப்புழுவாலும் வெளிறிப் போன பிள்ளைகள் லயங்களில் பலர் இருந்தனர். அவர்களுள் தலசீமியாவால் வெளிறிய பிள்ளையைப் பிரித்தறிய அன்று வழியில்லை.

இனிக் கடிதத்திற்கு வருவோம். நம்மிடம் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படிகளாக இருக்கிறது. ஒன்று தாய் தந்தது; மற்றொன்று தந்தை தந்தது. அந்த மாணவியிடம் ஒரு படியில் பிழை இருக்கிறது. மற்றது பிழையில்லாமல் வேலை செய்கிறது. அவளுடைய சிவப்பணுக்கள் சற்றுச் சிறியவை, அவ்வளவே. ஓடலாம், ஆடலாம், படிக்கலாம். பெம்பாவா என்பது நோயாளி அல்லர். இரும்புச் சத்துக் குறைந்தாலும் சிவப்பணுக்கள் சிறுத்துவிடும் என்பதால், முதல் பரிசோதனையில் சந்தேகம் எழுந்தவர்களுக்கு ஹீமோகுளோபின் பகுப்பாய்வு செய்தே முடிவு சொல்வார்கள். இரும்புச் சத்துக் குறையாத ஒரு பெம்பாவா, யாரோ சொன்னார்கள் என்று இரும்பு மாத்திரை விழுங்குவதால் பயனில்லை.

கணவன், மனைவி இருவருமே பெம்பாவாவாக இருந்தால்தான் கவனம் தேவை. அப்போது ஒவ்வொரு கருவுறுதலிலும் பிள்ளை இரண்டு பிழைப் படிகளைப் பெறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டு நல்ல படிகளைப் பெறும் வாய்ப்பும் நான்கில் ஒன்று. பெற்றோரைப் போலவே பெம்பாவாவாகப் பிறக்கும் வாய்ப்பு நான்கில் இரண்டு. முதல் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று சிலர் கணக்குப் போடுவர். அது தவறு. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

மாமன் மகளையோ அத்தை மகனையோ மணக்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் இதைக் கூடுதலாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே பாட்டியிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்த ஒரே பிழை, இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். உறவில் மணக்கவே கூடாது என்று இப்பாடம் சொல்லவில்லை. இருவரும் முன்கூட்டியே இரத்தம் பரிசோதிப்பது நல்லது என்கிறது. அந்த வகையில், கடிதத்தை அலமாரியில் ஒளித்து வைத்த தாயின் அச்சம் புரியக்கூடியதே எனினும், ஒளிப்பதால்தான் ஆபத்து வளர்கிறது.

இரண்டு பிழைப் படிகளுடன் பிறக்கும் குழந்தை, பிறக்கும்போது நலமாகவே இருக்கும். கருவிலிருந்தபோது அதற்கு உதவிய ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி கிடையாது. காமா சங்கிலிதான் உண்டு. பிறந்த சில மாதங்களில் காமா குறைந்து பீட்டா பொறுப்பேற்க வேண்டும். இக்குழந்தைக்குப் பீட்டா வருவதில்லை. முகம் வெளிறும், மண்ணீரல் வீங்கி வயிறு பெருக்கும், வளர்ச்சி தடைப்படும். கடுமையான வகையினருக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுவதும், இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றும் இரத்தத்தோடு இரும்பும் வந்து இதயத்திலும் கல்லீரலிலும் படியும் என்பதால், அதை வெளியேற்றவும் மருந்து வேண்டும். இரத்த தான முகாமில் நாம் பார்க்கும் பைகளில் சில இத்தகைய பிள்ளைகளுக்குச் செல்பவை.

முற்றிலும் குணமாக்க நெடுங்காலமாக இருந்த ஒரே வழி, பொருந்தும் கொடையாளரின் எலும்பு மச்சையை மாற்றிப் பொருத்துவது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-இலேயே இச்சிகிச்சை தொடங்கியது. இன்னொரு வழி, பிறந்தபின் அணைந்துவிடும் காமா மரபணுவை மீண்டும் ஏற்றிவைப்பது. அதை அணைத்து வைப்பதில் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவுக்குப் பெரும் பங்குண்டு என்று ஸ்டூவர்ட் ஒர்க்கினின் ஆய்வகத்தில் விஜய் சங்கரன் உள்ளிட்டோர் 2008-இல் காட்டினர். இரத்தத்தை உண்டாக்கும் அணுக்களில் அந்த மரபணுவின் விசையை மட்டும் கிரிஸ்பர் முறையில் வெட்டி முடக்கும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் ஒப்புதல் அளித்தது. பீட்டாவின் பிழை அப்படியே இருக்கும். காமா அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால், அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 இலட்சம் டாலர்!

வெட்டியிணைப்பையே மருந்தால் திருத்தலாமா? முதுகுத்தண்டுத் தசைநலிவு என்னும் நோயில் அது முடிந்திருக்கிறது. வெட்டும்போது தவறவிடப்படும் ஓர் எக்ஸானைப் பொறி மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி செய்யும் நுசினெர்சென் என்ற மருந்துக்கு 2016 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. ஏட்ரியன் கிரைனரின் ஆய்வு அதற்கு அடித்தளமிட்டது. பீட்டா குளோபினின் சில பிழைகளையும் இவ்வாறு ஆய்வகத்தில் திருத்திக் காட்டியுள்ளனர். நோயாளிகளுக்கான மருந்தாக அது இன்னும் வரவில்லை.

ஜாசின் வீட்டில், பள்ளியில் படித்தறிந்த இச்செய்திகளை அந்த மாணவி ஓர் இரவு எடுத்துச் சொன்னாள். அடுத்த வாரம் தாயும் தந்தையும் கிளினிக்குக்குச் சென்று மிஸியிடம் கை நீட்டினர். தாயிடம் பிழை இல்லை. தந்தை பெம்பாவா. மூன்றாம் படிவத்தில் பயிலும் தம்பிக்கும் அடுத்த ஆண்டு பரிசோதனை செய்வதென முடிவாயிற்று.

பாட்டி வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “உங்கப்பனுக்கு அடுத்து ஒரு புள்ள இருந்துச்சு,” என்றார். “ரெண்டு வயசு. வெள்ளையா வெளிறிப்போயி, வயிறு மட்டும் பெருசா இருக்கும். மாந்தம்னாங்க. பால்மரம் வெட்டிட்டு வீட்டுக்கு வந்தப்போ புள்ள போயிடுச்சு.” அது தலசீமியாதானா என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. மாணவி அதைத்தான் சொன்னாள். பாட்டி தலையசைத்தார்.

“இருக்கட்டும்மா. நாளைக்கு என்னையும் அந்த மிஸிகிட்டக் கூட்டிக்கிட்டுப் போ,” என்றார்.